கேட்க இடம் இருக்கிறதா

வாளையாரில் இரவு ஒன்று நாற்பது.
எடைமேடைக்குப் பின்னால் தகர அறை,
உள்ளே மூன்று சர்வர், ஒரு ஏசி, ஒரு பல்லி.
கதவருகே நின்றால் என் போன் தமிழ்நாடு.
இரண்டடி உள்ளே வந்தால்
கேரளம் உங்களை வரவேற்கிறது என்கிறது,
பன்னிரண்டாம் முறையாக.

சுகமா சேட்டா, என்று வந்ததும் கேட்டிருந்தேன்.
சுகம் தன்னே மோளே, என்றார் சாத்துண்ணி,
கண் ரசீதில்.

மூன்றாவது சர்வரின் ஏஜென்ட்
ஒன்பது நாளாகக் கோவைக்கு ஒரு வார்த்தை அனுப்பவில்லை.
நேரில் வந்து கேட்டால் மட்டும்
ஓடிக்கொண்டிருக்கிறேன் என்கிறது
பச்சை எழுத்தில்.

இதற்காகத்தான் என் ஸ்கிரிப்ட்.
இருநூற்றுப் பதினேழு வரி.
எதையும் சரி செய்யாது, கேட்க மட்டும் தெரியும்.
உன் பெயர் என்ன
எப்போது எழுந்தாய்
யாரிடம் பேசப் பார்த்தாய்
கடைசியாக உனக்குப் பதில் சொன்னது யார்
உன் கடிகாரத்தில் மணி என்ன
உன்னோடு யார் யார் ஓடுகிறார்கள், எவ்வளவு தின்கிறார்கள்.
பதில்களை ஒரே மூட்டையாகக் கட்டி
அந்த வீட்டிலேயே ஒரு மூலையில் வைக்கும்.
அவிழ்ப்பது என் பாடு.
நாற்பது ஊரில் ஓட்டியிருக்கிறேன்.
ஒரு புகார் இல்லை.

என்டர் தட்டினேன்.

நாமக்கல் முட்டை லாரி மேடையில் ஏறி நின்றது.
கண்ணாடிக்கு அப்பால் சாத்துண்ணி பொத்தானை அமுக்கினார்.
ரசீதில்
18,4
அதற்குப் பிறகு வெறும் தாள்.

முட்டைக்குப் பின்னால் வெங்காயம்,
வெங்காயத்துக்குப் பின்னால் ஓடு,
அதற்கும் பின்னால் விளக்குகள் மட்டும்.
காட்டுப் பக்கம் போன ரயில்
யானைக்காக நீளமாக ஊதியது.
இவர்கள் எனக்காக ஊதினார்கள்.

கையால் தேடினேன், ஸ்கிரிப்ட் இல்லாமல்.
அந்த வட்டில் மிச்சம் இருந்தது முப்பத்தொரு எம்பி.
என் மூட்டைக்கு முப்பத்தெட்டு வேண்டும்.
முப்பத்தொன்றையும் தின்றுவிட்டுப்
பாதிக் கட்டில் செத்துக் கிடந்தது.

மற்ற இடம் எல்லாம் எங்கே போயிற்று?
ஏஜென்ட்டின் பதிவைத் திறந்தேன்.
சர்வரை அடைய முடியவில்லை. மீண்டும் முயல்கிறேன்.
சர்வரை அடைய முடியவில்லை. மீண்டும்
நாலு நொடிக்கு ஒரு தடவை,
ஒவ்வொன்றுக்கும் முப்பது வரி விளக்கத்தோடு,
ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம் தடவை.
வாயே திறக்கவில்லை என்று
இதைப் பற்றித்தான் புகார் எழுதியிருந்தோம்.

அதன் கடிகாரம் ஒன்பது நிமிடம் முந்தியிருந்தது.
இன்னும் வராத நேரத்திலிருந்து பேசுகிறவனைக்
கோவை நம்பவில்லை.
அவ்வளவுதான் வியாதி.

முதலில் என் மூட்டையை அழித்தேன்.
18,460 என்று முழுதாக வந்தது ரசீது.
முட்டை போயிற்று.
பிறகு கடிகாரம்.
பிறகு அந்த முறையீடுகள்,
கடைசி நூறு வரியை மட்டும் வைத்துக்கொண்டு.
ஏன் வைத்தேன் என்று தெரியாது.

ஸ்கிரிப்டைத் திறந்து
உன் பெயர் என்ன என்பதற்கும் மேலே
புதிதாக ஒரு வரி சேர்த்தேன்:
கேட்க இடம் இருக்கிறதா.
இல்லையென்றால் திரும்பிப் போ.
இருநூற்றுப் பதினெட்டு.

மூன்று மணி.
பணிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தேன்.
இரவுப் பத்தியில் சாத்துண்ணி.
பகல் பத்தியில் சாத்துண்ணி.
முந்தின பக்கத்திலும் அதே சாய்ந்த எழுத்து.
பிரிண்டருக்குப் பின்னால் பல் துலக்கும் பிரஷ்,
ஒரு லுங்கி, தலையணையாக மடித்த சாக்கு.

கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது.
அவர் அப்போதுதான் பொரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து
ஒரு கையால் தின்றுகொண்டு
மறுகையால் வெங்காய லாரியை
வா வா என்று மேடைக்கு அழைத்துக்கொண்டிருந்தார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
வண்டி எண்ணைச் சொல்லுங்கள், நான் தட்டுகிறேன் என்றேன்.
இரண்டு கையாலும் சாப்பிடத் தொடங்கினார்.